அடுக்குப் பெட்டி விஷயத்தில் ஒரு திருத்தம்



பொங்கல் லீவில் நான் ஒரு படம் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். மூன்று தட்டு மரப்பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே பச்சைக் கொடி, ஒவ்வொரு தட்டிலும் ஒரு பல்லி. "ரிட்டயர் ஆன பிறகும் டீச்சர் கையில் பிரம்புக்குப் பதில் உளி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அளவு கேட்டு நாற்பது பேருக்கு மேல் எழுதினீர்கள். நானும் பெருமை தாங்காமல் கோடு போட்ட தாளில் அளவெல்லாம் எழுதிப் படம் எடுத்துப் போட்டேன். அந்தத் தாளை யாரும் பயன்படுத்த வேண்டாம். வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

மே மாதம் மேல் தட்டில் இருந்த பல்லி செத்துப்போனது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் மறுநாளே பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்டு அழித்துப் போடுகிறவள் நான். இதில் மட்டும் ஏனோ தள்ளிப்போட்டேன். படத்துக்கு விழுந்த லைக்கைப் பார்த்து மயங்கியதுதான் காரணம், வேறென்ன.

முதலில் பெட்டி வந்த கதை. என் தங்கச்சி பேரன் காலேஜில் படிக்கிறான். அவனுக்கு இந்த ஊர்வன மேல் பைத்தியம். சென்னையில் மூன்று கிரெஸ்டட் கெக்கோ வாங்கி வந்தான். நம் சுவர்ப் பல்லியின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மேல் இமைமயிர் மாதிரி முள் வரிசை இருக்கும். கண்ணை மூட இமை கிடையாது, நாக்கால் துடைத்துக்கொள்ளும். நம் பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கும், இதற்கு முளைக்காது. சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா என்ற தீவு. இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள், 1994-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளர்கிறது.

"ஆச்சி, மூணையும் ஒண்ணா விட்டா கடிச்சுக்கிடும். தனித்தனியா வைக்கணும். ரூம்ல இடம் இல்ல. அடுக்கா செஞ்சு தாங்க"ன்னு வந்து நின்றான். கையில் போனில் ஒரு பிளான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது டொராண்டோவில் இருக்கிறான். அங்கே அவன் வீட்டு அடித்தளத்தில் சிறுத்தைப் பல்லிக்குச் செய்த அடுக்குப் பெட்டி அது. அழகாகத்தான் இருந்தது.

நான் ஓடாவி மகள். என் அப்பா பழைய துறைமுகத்துப் பக்கம் தோணி கட்டியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தோணிகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றிக் கலப்பத்து அடிப்பதை ஆறு வயதிலிருந்து பார்த்தவள். "பொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது, அதாம்ல வேலை" என்பார். பொம்பளைப் பிள்ளை என்பதால் உளியைக் கையில் தரவில்லை. ரிட்டயர் ஆன பிறகு நானே வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கையோடு பெட்டியைச் செய்தேன். முக்கால் அங்குல மரைன் பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கியது. ஒவ்வொரு தட்டும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, உயரம் இரண்டடி. ஒரு தட்டின் கூரைதான் அடுத்த தட்டின் தரை. மூலைக்கு மூலை இடுக்கில்லாமல் சிலிகான் பூசினேன். தண்ணீர் தெளிக்கிற பெட்டி, பலகை ஊறக்கூடாது என்று நினைப்பு. காற்றுக்கு ஒவ்வொரு தட்டிலும் பின்பக்கம் உள்ளங்கை அளவு ஒரு ஜன்னல், டொராண்டோ பிளானில் இருந்தபடியே. வெளிச்சத்துக்கு ஒவ்வொரு தட்டின் கூரையிலும் எல்.இ.டி. பட்டையும் சின்னப் புற ஊதாக் குழலும், தட்டுக்கு இருபது வாட். வேலை முடிந்ததும் விளக்கை உள்ளே வைத்து இருட்டில் பார்த்தேன், ஒரு கீற்று வெளிச்சம் வெளியே வரவில்லை. அப்பா இருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

அதுதான் தப்பு. தோணிக்கு உள்ளே எதுவும் வரக்கூடாது. கூண்டுக்கு உள்ளே காற்று வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். நான் பல்லிக்குத் தோணி கட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. டொராண்டோவில் ஜனவரியில் வெளியே உறைபனி. அங்கே பெட்டியின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. கனமான பலகை, சின்ன ஜன்னல், இறுக்கமான கதவு எல்லாம் அதற்காக. தூத்துக்குடியில் பெட்டியின் வேலை சூட்டை வெளியேற்றுவது. அதுவும் அவன் வளர்ப்பது சிறுத்தைப் பல்லி. பாறையும் வறண்ட புல்லும் உள்ள சீமையில் வாழ்கிற இனம், வெயிலுக்குப் பழகியது, ஒரு பக்கம் முப்பது டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதற்குச் செரிக்கும். எங்கள் வீட்டில் இருந்தது ஈரக்காட்டு மரப்பல்லி. அதற்கு இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறு டிகிரி வரை சுகம். இருபத்தெட்டைத் தாண்டி நாள் முழுக்க இருந்தாலே வாடும். கார்த்திகை மார்கழியிலேயே நம் ஊர்ப் பகல் இருபத்தெட்டைத் தொடும். "ஏசி ரூம்ல வைக்கேன் ஆச்சி" என்றான். சரி என்றேன்.

மே மாதம் நாசரேத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் காலையில் கிளம்பிவிட்டோம். அன்று எங்கள் தெருவில் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. முன்கூட்டியே அறிவித்ததுதான், நாங்கள் பார்க்கவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் இன்வெர்ட்டரில் ஏசி ஓடாது. லைட்டும் ஃபேனும்தான். பெட்டி விளக்குகளின் பிளக் எந்த லைனில் இருந்தது தெரியுமா? இன்வெர்ட்டர் லைனில். "லைட் போயிரக் கூடாது" என்று நானே சொல்லிச் செய்த ஏற்பாடு. ஏசி நின்றுவிட்டது, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மொட்டை மாடிக்குக் கீழ் அறை, மேற்குச் சுவர்.

ராத்திரி வந்து கதவைத் திறந்தபோது மேல் தட்டுப் பல்லி கொடியிலிருந்து விழுந்து தரையில் கிடந்தது. நடுத் தட்டில் இருந்தது வாயைத் திறந்தபடி தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே படுத்திருந்தது. ஈரத்துணியில் வைத்து இரண்டு நாள் பார்த்துத் தேறியது. கீழ்த் தட்டுப் பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரன் அழவில்லை. பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அது அழுததை விட மோசம்.

ஒரு வாரம் கழித்து, பல்லிகளை வேறு இடத்தில் வைத்துவிட்டு, வெறும் பெட்டியில் ஒரு சோதனை செய்தோம். வகுப்பறைப் புத்தி போகுமா? மூன்று தெர்மாமீட்டர், ஏசி கிடையாது, விளக்கு எரிகிறது, மதியம் மூன்று மணி. கீழே முப்பத்துமூன்று, நடுவில் முப்பத்தைந்து, மேலே முப்பத்தொன்பது. ஒரே மரம், ஒரே அளவு, ஒரே அறை. ஆறு டிகிரி வித்தியாசம்.

காரணம் யோசித்தால் ஆறாம் வகுப்பு அறிவியல்தான். சூடான காற்று மேலே ஏறும். கூரைத் தளம் வெயிலை வாங்கிக் கீழே விடும். இது எல்லாருக்கும் தெரியும். நான் கோட்டைவிட்டது மூன்றாவது காரணத்தில். கீழ்த் தட்டு விளக்கின் சூடு நடுத் தட்டின் தரைக்குப் போகிறது, நடுத் தட்டு விளக்கின் சூடு மேல் தட்டின் தரைக்குப் போகிறது. மேல் தட்டுப் பல்லிக்கு மேலேயும் விளக்கு, காலுக்குக் கீழேயும் விளக்கு. தோசைக்கல்லுக்கு மூடி போட்ட மாதிரி. இருபது வாட்டில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். மூடிய பெட்டிக்கு இருபது வாட் போதும்.

இன்னொன்று, இதை எந்தப் பிளானிலும் எழுதியிருக்க மாட்டார்கள். மேல் தட்டின் கூரை ஆறரை அடி உயரம். நான் ஐந்தடி. அதை எட்டிப் பார்க்க எனக்கு முக்காலி வேண்டும். கீழே இரண்டையும் தினம் நாலு தடவை பார்ப்பேன். மேலே உள்ளதைப் பேரன் எப்போதாவது பார்ப்பான். கண் மட்டத்துக்கு மேலே வைத்த உயிருக்கு கவனம் குறைந்துவிடுகிறது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கதிதான். அதை முப்பத்துமூன்று வருஷம் பார்த்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

இனி என் கருத்து. சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

அடுக்குப் பெட்டி என்பது விலங்குக்காக வந்த யோசனை அல்ல, நம் வீட்டு இடத்துக்காகவும், நம் எண்ணிக்கை ஆசைக்காகவும் வந்தது. ஒரு பல்லிக்கு யாரும் அடுக்குச் செய்வதில்லை. அடுக்குச் செய்த பிறகு காலித் தட்டு கண்ணை உறுத்தும், அதை நிரப்ப இன்னொன்று வாங்குவோம். பேரன் நாலாவது தட்டுக்குக் கேட்டதும் நான் பலகை எடுத்து வைத்ததும் உண்மை. மேல்நாடுகளில் பாம்புகளை பீரோ டிராயர் மாதிரி இழுக்கிற பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி வளர்க்கிறார்கள். பாம்பு முழு நீளத்துக்கு நீள இடம் வேண்டாமா என்று அங்கேயே வளர்ப்பவர்களுக்குள் சண்டை நடக்கிறது. நான் வேண்டும் என்கிற கட்சி. மரம் ஏறுகிற பல்லிக்கோ உயரம்தான் வீடு. தட்டுக்கு மேல் தட்டு போடுகிறவன் முதலில் குறைப்பது உயரத்தைத்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது நம் கடற்கரையில் பிடித்த கடலாமைகளை மல்லாத்தி வரிசையாகப் போட்டிருப்பார்கள். சாகாது, நகரவும் முடியாது. இறைச்சிக்கு ஆள் வரும் வரை அப்படியே கிடக்கும். துடுப்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். அப்போது அது எங்களுக்கு வேடிக்கை. இப்போது சட்டப்படி கடலாமையைத் தொடக்கூடாது, நல்லது. ஒரு உயிர் சாகாமல் இருக்கிறது என்பதும் அது சுகமாக இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று அந்த மணலில் கற்றிருக்கலாம். கற்கவில்லை.

அடுக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நம் ஊரிலேயே அடுக்கி வளர்த்து ஜெயித்தவர்கள் உண்டு. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் இங்கே முத்துச் சிப்பி வளர்த்து, இந்தியாவில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். சிப்பிகளை வலை கட்டிய பெட்டிக் கூடுகளில் வைத்து மிதவையிலிருந்து கடலுக்குள் தொங்கவிடுவார்கள். ஆறு பக்கமும் வலை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வலையில் பாசியும் கொட்டலசும் பிடித்து அடைத்துக்கொண்டால் எடுத்துச் சுரண்டுவார்கள். சுரண்டாவிட்டால் சிப்பி போய்விடும். கூட்டுக்கு முக்கியம் சுவர் அல்ல, ஓட்டை.

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-லிருந்து. ஒருமுறை பிள்ளைகளைச் சென்னைச் சுற்றுலா கூட்டிப்போனபோது முதலைப் பண்ணையை ஒட்டி அதையும் பார்த்தோம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் எல்லாம் மண்பானையில்தான். வாய்க்குத் துணி கட்டி, நிழலில், தரையில் வரிசையாக வைத்திருந்தார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, அடையாளம் போட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அங்கே கண்ணாடியும் இல்லை, சிலிகானும் இல்லை. சுட்ட மண், துணி, நிழல். பாம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்கு தெரியாத நான் மரைன் பிளைவுட் வாங்கினேன்.

சரி, ஏற்கெனவே செய்துவிட்டவர்களும் செய்தே தீருவேன் என்பவர்களும் கவனியுங்கள்.

நம் ஊரில் இரண்டு தட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டும் உங்கள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டும் தன் கூரையும் தன் தரையும் உள்ள தனிப் பெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் நாலு விரல்கடை இடைவெளி விட்டுக் காற்று ஓட வேண்டும். கூரை முழுக்கக் கம்பி வலை, முன்பக்கம் கீழேயும் ஒரு வலைப் பட்டை. கீழே குளிர்ந்த காற்று நுழைந்தால்தான் மேலே சூடானது வெளியே போகும். விளக்கு பெட்டிக்கு வெளியே, வலைக்கு மேலே. பிளக் எந்தக் காரணத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் வேண்டாம். தட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர், குறித்த சூட்டைத் தாண்டினால் விளக்கைத் தானே அணைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று. தெர்மாமீட்டர் ஒரு பிரியாணி விலைகூட வராது.

கீல், ஆணி, தாழ்ப்பாள் பித்தளையில் போடுங்கள். இல்லையென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண எஃகு நம் உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் துருப்பிடித்துக் கதவு பாதியில் நிற்கும், பல்லி ஓடிவிடும். நாலு காலுக்கும் எறும்புக் கிண்ணி வையுங்கள். மிட்டாய் அலமாரிக்கு நம் ஆச்சிமார் வைத்த அதே கிண்ணிதான். முட்டையையும் தோல் உரிக்கிற பல்லியையும் எறும்பு விட்டுவைக்காது.

துறைமுகத்துப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கிற பேலட் பலகையில் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பலகையில் கோதுமைக் கதிர் படம் போட்டு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் சூடு காட்டிப் பூச்சி கொன்றது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்தது. எம்.பி. பலகையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். முத்திரையே இல்லாததும் வேண்டாம். எச்.டி. பலகையிலும் மேலே எதைக் கொட்டினார்களோ, கறை இருந்தால் விட்டுவிடுங்கள். வார்னிஷ் அடித்தால் வாடை முழுக்கப் போகிறவரை, மூன்று வாரமாவது, வெறும் பெட்டியாக மாடியில் கிடக்கட்டும்.

பெட்டிக்கு முன்னால் காகிதம். இதை மரவேலையை விட முக்கியம் என்பேன். 2022-ல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வீட்டில் வைத்திருந்தால் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வந்தன. பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு. புதிதாக வாங்கினால் முப்பது நாளுக்குள். குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பால் பைதான், பச்சை இகுவானா இரண்டும் இதில் உண்டு. வைத்திருக்கிற நாலைந்து பேரை எனக்குத் தெரியும், உங்களுக்குத்தான் சொல்கிறேன். "கடைக்காரர் வெளிநாட்டுச் சரக்குன்னு சொன்னாரு" என்பது பதில் ஆகாது. சிறுத்தைப் பல்லியிலேயே சில இனங்கள் ஒடிசாவிலும் சத்புரா மலையிலும் நம் மண்ணில் வாழ்கிறவை. ரசீதையும் அறிவியல் பெயரையும் எடுத்துக்கொண்டு வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் பேரன் போய்க் கேட்டுவிட்டு வந்தான். யாரும் அவனைக் கடித்துவிடவில்லை.

நட்சத்திர ஆமை வீட்டில் இருந்தால் பணம் சேரும் என்று இன்னும் நம்புகிற உறவுகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது நம் தேரிக்காட்டுப் பக்கத்து ஆமை, வீட்டில் வைத்தால் குற்றம். 2019-ல் உலக அளவிலும் அதன் வியாபாரத்தை அடியோடு தடுத்துவிட்டார்கள். அது வீட்டில் இருந்தால் பணம் சேராது, வக்கீல் ஃபீஸ்தான் சேரும். பச்சைக்கிளிக்கும் அதே சட்டம்தான். யார் வீட்டில் என்று இங்கே எழுத மாட்டேன், அடுத்த தடவை வரும்போது கூண்டு காலியாக இருக்கட்டும்.

"அப்போ பல்லியே வளர்க்கக் கூடாதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால், ஏசி நின்றால் செத்துப்போகிற உயிரைத் தூத்துக்குடியில் வாங்கக் கூடாது. அவ்வளவுதான். பேரனிடமும் சொல்லிவிட்டேன். அவன் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் வந்து, "அப்போ இருக்குற ரெண்டையும் என்ன செய்ய ஆச்சி?" என்றான். அது நியாயமான கேள்வி. எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட முடியாது, நம் தோட்டத்தில் அது ஒரு வாரம் தாங்காது. வாங்கிய உயிர், பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது இரண்டும் என் வீட்டில், வடக்குப் பார்த்த கீழ் அறையில், மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அடுக்கு இல்லை. பழைய பெட்டியைப் பிரித்து அந்தப் பலகையிலேயே செய்தது. மூன்று பக்கம் வலை. மண்சட்டியில் ஈரமணல், மேலே ஈரச் சாக்கு. கரண்ட் இல்லாத நாளில் பேரன் சைக்கிளில் வந்து ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பின்னால் வைக்கிறான். போன வாரம் மதியம் இருபத்தேழு காட்டியது. அடுத்த கோடையை நினைத்தால் எனக்கு இப்போதே பயமாகத்தான் இருக்கிறது. ராத்திரி மாவைக் குழைத்து வைத்தால் நடுத் தட்டுப் பல்லி என் விரலில் ஏறி நக்குகிறது. மற்றது இன்னும் என்னைக் கண்டால் ஓடுகிறது.

என் தாளைப் பார்த்துப் பெட்டி செய்தவர்கள் கீழே பேர் எழுதுங்கள், என்ன பல்லி, எத்தனை தட்டு என்று. திருநெல்வேலி, திருச்செந்தூர் என்றால் நானே ரம்பத்தோடு வந்து ஜன்னல் வெட்டித் தருகிறேன். கோவில்பட்டியில் 2003 செட் மாணவர் ஒருவர் ஆசாரியை வைத்து அதே அளவில் நாலு தட்டு செய்ததாகப் பங்குனியில் படம் அனுப்பியிருந்தார். மேல் தட்டில் ஏதோ இருந்தது, சரியாகத் தெரியவில்லை. மூன்று நாளாக போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. அவர் புது நம்பர் யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே எனக்கு அனுப்புங்கள்.